எண்பத்து மூன்றில் வந்த வண்டி

சிறப்பு சப் இன்ஸ்பெக்டர் நம்பிராஜனிடம் பேச்சுக்கு இரண்டு சரக்கு உண்டு. ஒன்று, அவர் வேலை பார்க்கும் வேகக் கேமரா. இன்னொன்று, அவர் மனைவி வேல்விழி வைக்கோல் படப்பில் போய்ச் சொருகின கதை. முதலாவதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. இரண்டாவதை எல்லா வீட்டு விசேஷத்திலும் கேட்டு வாங்கிச் சிரிப்பார்கள்.

கதை இவ்வளவுதான். கல்யாணமான புதிதில், அச்சன்புதூரில் மாமனார் வீட்டுக்குப் பின்னால் இருந்த வண்டிப்பாதையில், அவளுக்கு டிவிஎஸ் பிப்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடினார். ஒரு கட்டத்தில் சொல்லாமல் கையை விட்டுவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நேரே படப்புக்குள் போனது. வெளியே அவளுடைய ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. இதை நம்பிராஜன் எழுந்து நின்று, கையைக் காலை ஆட்டி, அந்தச் செருப்பு வரைக்கும் நடித்துக் காட்டுவார். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும் வேல்விழியும் சேர்ந்து சிரிப்பாள். இருபது வருஷமாக ஒரே கதைக்கு ஒரே மாதிரி சிரிக்க ஒரு பொறுமை வேண்டும், அது அவளிடம் இருந்தது.

மனிதர் கெட்டவரில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கையூட்டு வாங்கமாட்டார். மனைவி வேலைக்குப் போவதைத் தடுத்ததில்லை. இலஞ்சியில் ஒரு பால் நிறுவனத்தின் கொள்முதல் நிலையத்தில் ஆறு வருஷமாக அவள் பாலுக்குக் கொழுப்புச் சோதனை பார்த்து வந்தாள். அந்த நிறுவனம்தான் இப்போது அவளை மேற்பார்வையாளராகப் போட முன்வந்திருந்தது. பன்னிரண்டு ஊர் நிலையங்கள் அவள் பொறுப்பில் வரும். தினமும் இருசக்கர வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் சுரண்டை அலுவலகத்துக்குச் சொந்தமாக வண்டி ஓட்டி வந்து, லைசென்ஸைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை வரிசையில் அடுத்து நிற்கும் ஆளுக்குப் போய்விடும். வேல்விழிக்கு இந்த வேலை வேண்டும். ஆறு வருஷமாக ஒரே அறையில் பாலை முகர்ந்துகொண்டிருந்தவளுக்குப் பன்னிரண்டு ஊர் என்பது சாதாரண ஆசையில்லை.

நம்பிராஜன் முடியாது என்றார். காரணம் வேலையில்லை, வண்டி.

"நான் தினம் ரோட்டுல பாக்கேன்ட்டி. நல்லா ஓட்டத் தெரிஞ்சவனே மண்டைய உடைச்சுக்கிடுதான். உனக்குப் படப்பே ஒதுங்கலை, லாரி எங்க ஒதுங்கப் போவுது? போன் போட்டு வரலைன்னு சொல்லிரு."

வெள்ளிக்கிழமை காலை இட்லிக்கு முன்னால் அவர் சொன்னது இது. இன்றைக்கு எங்கே டூட்டி என்று மட்டும் கேட்டாள். குற்றாலம் ரோடு என்றார். சீசன் நேரம், வெள்ளிக்கிழமை, வெளியூர்க் கூட்டம் வரும். சரி என்று சட்னியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

கேமராவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்துவிட்டால் அவர் பாடம் ஆரம்பித்துவிடும். கார் என்றால் அகலமான முகம், எங்கே குறி வைத்தாலும் வேகம் விழும். பைக் அப்படியில்லை. எதிரே வரும்போது ஒரு முழ அகலம்கூடத் தேறாது. நம்பர் பலகையில் ஒருவன் பூமாலை போட்டிருப்பான், ஒருவன் பலகையையே மடக்கி வைத்திருப்பான். ஆகவே ஹெட்லைட்டைக் குறி வைத்து, வேக எண் விழும்வரை கை அசையாமல் பிடிக்க வேண்டும். தாண்டிப் போனபின் பின்பக்க நம்பருக்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும். ஓட்டுகிறவன் கண்ணுக்கு நம்முடைய வண்டி நூறு மீட்டரில்தான் தெரியும். கேமராவுக்கு அவன் இருநூற்றைம்பதிலேயே தெரிந்துவிடுவான். எல்லாம் முடிந்த பிறகு பயல்கள் பிரேக்கை அழுத்துவார்கள். அதனால் என்ன புண்ணியம்? இந்த இடத்தில் அவர் ஒரு வாய் சாதம் உருட்டிக்கொண்டு சொல்லும் முடிவு ஒன்று உண்டு: "மிஷின் பொய் சொல்லாது."

பொய் சொல்லாத மிஷினை வைத்துக்கொண்டு அவரும் நேர்மையாக இருந்தார். மூன்று வருஷத்தில் ஒரு படத்தைக்கூட அழித்ததில்லை. சகலை மணிமுத்து ஒரு தரம் செங்கோட்டை ரோட்டில் சிக்கினான். வண்டியை நிறுத்தி, பல்லைக் காட்டி, "அண்ணாச்சி, நான்தான்" என்றான். அதுதான் படத்திலேயே தெரிகிறதே என்றார் நம்பிராஜன். எட்டு மாதம் அவன் பேசவில்லை.

அவரோடு வண்டியில் இருப்பவன் அஃப்சல், தென்காசிக்காரன், கணினி பார்க்கும் காவலர். வேலை முறை இப்படி: நம்பிராஜன் கேமராவில் கண் வைத்துக்கொண்டு நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அஃப்சல் தட்ட வேண்டும். திரையில் உரிமையாளர் பெயர் வரும். படம் தெளிவாக இருந்தால் அனுப்பும் பொத்தானை அழுத்த, அபராதத் தகவல் உரிமையாளரின் போனுக்குப் போய்விடும். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அதிகம் தேவைப்படாது.

அன்றைக்கு ஒன்பதரைக்குச் சாரல் பிடித்தது. சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு வந்தவர்களுக்குக் கொண்டாட்டம், கேமராவுக்கு ஆகாது. வேகம் அளக்கும் லேசர் ஒவ்வொரு துளியிலும் மோதித் தடுமாறும், எண் வராது. ஊரில் எல்லாப் பயலுக்கும் இது தெரியும். சாரலில் கேமரா குருடு என்று, ரோடு வழுக்குகிற நேரமாகப் பார்த்து முறுக்குவார்கள். நம்பிராஜன் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, திருநெல்வேலி ரோட்டில் கிழக்கே போகச் சொன்னார். மலையை விட்டு விலக விலகச் சாரல் மெலியும். பாவூர்சத்திரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் தார் காய்ந்து கிடந்தது. ஒரு விளம்பரப் பலகை ஓரமாக வண்டியை நிறுத்தி, மேற்கே பார்த்துக் கேமராவை வைத்தார்கள். பைக்குக்கு அங்கே அறுபதுதான், பலகையே இருக்கிறது.

அரை மணி நேரத்தில் ஆறு பைக் கேமராவில் சிக்கியது. எதிர்ப்பக்கம் போகிறவர்கள் இவர்களைப் பார்த்துவிட்டு, நடுச்சுவருக்கு அப்பால் வருகிறவர்களுக்கு லைட் அடித்தார்கள், தலையைத் தட்டிக் காட்டினார்கள். முன்பின் தெரியாதவனுக்கு உதவுவதில் நம் ஆட்களுக்கு இருக்கும் அக்கறை இந்த ஒரு விஷயத்தில்தான் முழுசாக வெளிப்படும். சிலர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்தார்கள். மற்றவர்கள் பதிவாகி முடிந்த பிறகு பிரேக்கை அழுத்தினார்கள்.

பத்தரை மணிக்கு ஏழாவது வந்தது. தூரத்தில் ஒரு பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு ஒற்றை ஹெட்லைட். நீல மழைக்கோட்டு, முகம் முழுக்க மூடிய ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. எண்பத்து மூன்று. நம்பிராஜன் படத்தைப் பிடித்தார். பழக்கம் வாயைத் திறந்தது.

"டிஎன் எழுபத்தாறு, ஏகே..." என்று ஆரம்பித்து நாலு இலக்கத்தையும் சொல்லி முடித்தார். முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. இந்த நம்பரை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தார். வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. கை தன்பாட்டுக்குப் பின்பக்கப் படத்தையும் எடுத்தது.

அஃப்சல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இது உங்க வண்டில்லா?"

திரையில் நம்பிராஜன், தகப்பன் பெயர், மேலகரம் விலாசம் எல்லாம் சுத்தமாக வந்திருந்தது. அவருடைய ஸ்ப்ளெண்டர்தான். வேலைக்கு அலுவலக வண்டி வந்து கூட்டிப்போவதால், லீவு நாளில் மட்டும் எடுப்பார். மற்ற நாளில் வீட்டு முற்றத்தில் உறை போட்டு நிற்கும். காலையில்கூட நின்றது.

"எவனோ தூக்கிட்டான்லே" என்றார்.

வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. சாவி ஆணியில் தொங்கும். வேல்விழி இலஞ்சிக்குப் போயிருப்பாள், பூட்டின வீடு. களவாணி பார்த்துக் காத்திருந்து வந்திருக்கிறான். அவளுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டார், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று எட்டுப் பேரிடம் தினமும் சொல்கிற மனிதர், இது ஏன் எடுக்கப்படவில்லை என்று யோசிக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். தன் வண்டி என்பதால் கோபம் இருந்தது. ஆனால் மூன்று வருஷமாக ஆயிரக்கணக்கான பைக்காரர்களைப் பார்த்த கண் வேறு, அது தனியாக வேலை செய்தது.

"ஆளைப் பாரு. உடம்பு ஒரு பக்கம் சாயலை. கை ரெண்டும் தளர்வா இருக்கு. பஸ்ஸைத் தாண்டும்போது இண்டிகேட்டர் போட்டு, தாண்டுனதும் அணைச்சிருக்கான் பாத்தியா? நம்ம வண்டியைப் பாத்த பெறகுகூட பதறி பிரேக் அடிக்கலை. மெதுவா ஆக்ஸிலேட்டரை விட்டுட்டுப் போறான்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, மனசில்லாமல் சொன்னார். "களவாணிப் பயலா இருந்தாலும் நல்லா ஓட்டுதான்."

அஃப்சல் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான். அவன் நிலைமையில் யாரும் மூடிக்கொள்வார்கள். ஆனால் நம்பிராஜன் வயர்லெஸ் மைக்கை எடுத்தார். பாவூர்சத்திரத்தில் சுரண்டை விலக்கு அருகே தடுப்புப் போட்டு இரண்டு காவலர்கள் நிற்பார்கள். நீல மழைக்கோட்டு, திருட்டு வண்டி, மடக்கி வையுங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். மடக்கி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், விசாரித்து, விஷயம் தெளிவாகி விடும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடும்.

அஃப்சல் அவர் கைமேல் கையை வைத்தான். மேலதிகாரியின் கையை ஒரு காவலர் பிடிப்பது சின்ன விஷயமில்லை. நம்பிராஜன் மைக்கைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அது களவாணி இல்ல. மதினி."

எந்த மதினி என்று கேட்டார் நம்பிராஜன். உண்மையாகவே கேட்டார்.

அஃப்சலுக்கு இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அவன் அக்கா மாஜிதா தென்காசியில் பெண்களுக்கு வண்டி ஓட்டப் பழக்குகிறாள். வேல்விழி ஏழு மாதத்துக்கு முன்னால் அவளிடம் சேர்ந்தாள். முதல் மாதம் ஸ்கூட்டர், அப்புறம் கியர் வண்டி. மார்ச்சில் லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது, தபாலில் பகல் நேரத்தில் வந்தது. பழகினது முக்கால்வாசி முற்றத்தில் நிற்கிற அந்த ஸ்ப்ளெண்டரில்தான். அண்ணாச்சிக்கு எந்த ரோட்டில் டூட்டி என்று கேட்டுக்கொண்டு, அதற்கு எதிர்த்திசை ரோட்டில் போவார்கள். அக்கா யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். இன்றைக்குப் பதினோரு மணிக்குச் சுரண்டையில் கையெழுத்து. அதுவும் அஃப்சலுக்குத் தெரிந்திருந்தது.

நம்பிராஜன் பின்பக்கப் படத்தைப் பார்த்தார். மழைக்கோட்டின் முதுகில் பால் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தது. இவ்வளவு பெரிய எழுத்து, இதுவரை கண்ணில் படவில்லை. ஏழு மாதமாக நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஓட்டாத வண்டியில் பெட்ரோல் எப்படிக் குறைகிறது என்று பங்க்காரனோடு சண்டை போட்டிருந்தார். கண்ணாடி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோணம் மாறியிருப்பதற்குப் பூனையைத் திட்டியிருந்தார். செயினில் எண்ணெய் காயாமல் இருப்பதைப் பார்த்து, இந்தக் கம்பெனி செயின் நல்ல செயின் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிபாரிசுகூடச் செய்திருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று பிடிபடவில்லை. அஃப்சல்மேல் படலாம், அவன் மைக்கைப் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அது போனது. அவள்மேல் படலாம், ஆனால் படத்தில் அவள் உட்கார்ந்திருந்த விதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மேற்கே ஈரத்தில் மெதுவாக வந்திருக்கிறாள். காய்ந்த ரோடு வந்ததும் நேரத்தைப் பிடிக்க விரட்டியிருக்கிறாள். சாரல் இவரையும் கிழக்கே தள்ளியிருக்கிறது. கடைசியில் மிஞ்சினது வெட்கம். அப்படி ஓட்டுவது கட்டிய மனைவி என்பதைவிட ஒரு களவாணி என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அஃப்சல் திரையைக் காட்டினான். பெயரும் வேகமும் படமும் இன்னும் அப்படியே நின்றன. படம் தெளிவில்லை என்று ஒரு பொத்தான், அனுப்பு என்று ஒரு பொத்தான்.

"இதை என்ன செய்ய அண்ணாச்சி?"

"அனுப்பு."

சட்டைப்பையில் அவர் போன் ஒரு தரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. மைக்கை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, கேமராவில் கண்ணை வைத்தார். அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று பேர் எழுபது, எழுபத்தைந்து என்று தப்பிப் போனார்கள். அவர் நம்பர் சொல்ல மறந்ததை அஃப்சல் கவனித்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினார். ஸ்ப்ளெண்டர் முற்றத்தில் நின்றது, உறை இல்லாமல். வேல்விழி அதன் பக்கத்தில் குத்தவைத்து, பழைய துணியால் சக்கரத்தின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. துணியை அலசிப் பிழிந்துவிட்டு, பத்து ஐம்பதுக்கே போய்விட்டதாகவும், கையெழுத்துப் போட்டாயிற்று என்றும், திங்கட்கிழமை முதல் வேலை என்றும் சொன்னாள். அபராதத்தைத் தன் சம்பளத்தில் கட்டிவிடுவதாகச் சொன்னாள். எண்பத்து மூன்று தப்புதான், நேரமாகிவிட்டது, இனிமேல் போகமாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் பால் கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

அவருக்குத் திட்டுவதற்கு வசமாக இருந்த ஒரே விஷயம் வேகம்தான். அதையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி வண்டியின் சீட்டில் வைத்தார். கண்ணாடி அவள் உயரத்துக்குத் திருப்பியிருந்தது. அதைத் தொடவில்லை.

"ஏன்ட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

வேல்விழி துணியைக் கொடியில் போட்டாள். அஃப்சல் அக்காவிடம் சொல்ல, மாஜிதா மத்தியானமே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"சொல்லியிருந்தா படப்புக் கதையச் சொல்லியிருப்பிய. ஓட்டுனது நான்னு தெரியலை. அதனாலதான நல்லா ஓட்டுதான்னு உங்க வாயில வந்துச்சு?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபது வருஷமாக அந்தக் கதையைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்த மனிதர், கொடியில் கிடந்த துணியை எடுத்து, மிஞ்சின சேற்றைத் துடைக்கக் குத்தவைத்தார்.